குப்பத்துக் கிரானைட்டுக்கு மேலே எரிமலை இருந்ததா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் இங்கே எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். "கிரானைட் பூமிக்கு அடியில் மெதுவாக ஆறியது, எரிமலைப் பாறை மேலே வந்து வேகமாக ஆறியது என்று பள்ளியில் படித்தோம். இப்போது கல்லூரியில், ஆழம் குறைந்த கிரானைட்டுகளுக்கும் எரிமலைப் பாறைகளுக்கும் நெருங்கிய உறவு உண்டு என்கிறார்கள். அப்படியென்றால் அப்பா வேலை செய்கிற குப்பம் குவாரிக் கல்லுக்கு மேலேயும் ஒரு காலத்தில் எரிமலை இருந்ததா?"

உங்கள் ஆசிரியர் சொன்னது சரி. ஆனால் ஆந்திரத்தில் உள்ள உங்கள் குப்பம் ஊரின் குவாரிக் கல்லுக்கு அது அப்படியே பொருந்தாது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாகும் என்பதுதான் பதில். கொஞ்சம் நீளமாகப் போகும்.

கற்கண்டு எப்படிச் செய்கிறார்கள் என்று தெரியுமா? கெட்டியான சர்க்கரைப் பாகில் நூலைக் கட்டி, அசைக்காமல் பல நாள் வைத்துவிடுவார்கள். பாகு மெல்ல ஆற ஆற நூலைச் சுற்றிப் பெரிய படிகங்கள் வளரும். அதே பாகை எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றினால் சில நிமிடத்தில் கண்ணாடி மாதிரி மிட்டாயாகிவிடும். சர்க்கரை ஒன்றுதான், கிடைத்த நேரம் வேறு. கிரானைட்டும் ரயோலைட் என்ற எரிமலைப் பாறையும் அப்படித்தான். இரண்டிலும் சிலிக்கா எழுபது சதவீதத்தை ஒட்டி இருக்கும். குவார்ட்ஸ், அதாவது நம் ஊரில் வெங்கச்சங்கல் என்கிறோமே அது, அப்புறம் ஃபெல்ட்ஸ்பார், கொஞ்சம் காக்காப்பொன். கிரானைட்டில் இவற்றைக் கண்ணாலேயே பிரித்துப் பார்க்கலாம். ரயோலைட்டில் பொடியாகவோ கண்ணாடியாகவோ உறைந்திருக்கும். கேப்ரோவும் பசால்ட்டும் இதே மாதிரி ஒரு ஜோடி, டயோரைட்டும் ஆண்டிசைட்டும் இன்னொன்று.

பள்ளிப் பாடம் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. அடியில் ஒரு கட்டம், மேலே ஒரு கட்டம், நடுவில் ஒரு கோடு. நிஜத்தில் அந்தக் கோடு கிடையாது. பாறைக்குழம்பு 25 கிலோமீட்டர் ஆழத்திலும் உறையும், 10 கிலோமீட்டரிலும் உறையும், தரைக்கு அடியில் இரண்டே கிலோமீட்டரில் வந்து நின்றும் உறையும். அந்தக் கடைசி வகைதான் உங்கள் ஆசிரியர் சொன்ன ஆழம் குறைந்த கிரானைட். வாசற்படி வரை வந்து வெளியே போகாமல் நின்றுபோன குழம்பு அது.

ஏன் நின்றது? இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கிரானைட் குழம்பில் தண்ணீர் கரைந்திருக்கிறது. எடையில் சில சதவீதம்தான் என்றாலும் அதன் செல்வாக்கு பெரியது. ஆழத்தில் அழுத்தம் அதிகம் இருக்கும்வரை தண்ணீர் குழம்புக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். தண்ணீர் கரைந்த குழம்பு, சுமார் 700 டிகிரி வரைகூட முழுக்க உறையாமல் தாக்குப்பிடிக்கும். அதே குழம்பு மேலே ஏறும்போது அழுத்தம் குறைகிறது. கோலி சோடாவில் கோலியை உள்ளே தள்ளியதும் பொங்குமே, அந்த மாதிரி தண்ணீர் ஆவியாகப் பிரிந்துவிடும். தண்ணீரை இழந்த குழம்பு உருகியே இருக்க இன்னும் 200 டிகிரிக்கும் மேல் சூடு வேண்டும். அந்தச் சூடு அதனிடம் இல்லை. அதனால் சூடு பெரிதாகக் குறையாமலே, தண்ணீர் போன காரணத்தினாலேயே உறைய ஆரம்பித்துவிடும். பிரிந்த ஆவி மெல்லக் கசிந்து வெளியேறினால், குழம்பு இருந்த இடத்திலேயே கிரானைட்டாக நின்றுவிடும். ஆவி ஒரேயடியாக விரிந்து மேலே இருக்கிற கூரையை உடைத்துவிட்டால் எரிமலை வெடிக்கும். ஒரே குழம்புக்கு இந்த இரண்டு விதியும் உண்டு. சில சமயம் பாதி வெடித்து மீதி நின்றுவிடும்.

நின்றுபோன கல்லில் இந்தக் கதையின் தடயங்கள் இருக்கும். பொடிப்பொடியான கல்லுக்குள் பெரிய பெரிய ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள் பதிந்திருந்தால் அதைப் போர்ஃபிரி என்பார்கள். பெரியவை ஆழத்தில் நிதானமாக வளர்ந்தவை, சுற்றியிருக்கும் பொடி மேலே வந்து அவசரமாக உறைந்தது. சில கல்லில் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் ஒன்றுக்குள் ஒன்று பின்னி, பழைய கல்வெட்டு எழுத்து மாதிரி தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் அவசரமாக வளர்ந்ததன் அடையாளம் அது. அந்தப் பின்னலே மிகுந்திருக்கும் கல்லுக்கு கிரானோஃபயர் என்று பெயர். இன்னொன்று, கல்லுக்குள் சின்னச் சின்னப் பொந்துகள், அதன் உட்சுவரில் கூரான படிகங்கள். பிளாக் வெட்டுகிறவர்களுக்கு அது குறை, அந்தக் கல்லை ஒதுக்கிவிடுவார்கள். நமக்கோ அது பொக்கிஷம். ஆவிக் குமிழி விரிந்து நிற்க இடம் கிடைத்த அளவுக்கு அங்கே அழுத்தம் குறைவாக இருந்தது என்று அந்தப் பொந்து சொல்கிறது.

ஆழத்தைக் கணக்கிட ஆய்வகத்தில் வழி உண்டு. ஹார்ன்பிளெண்ட் என்ற கருப்புக் கனிமத்தில் அலுமினியம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது, அது உறைந்தபோது இருந்த அழுத்தத்தைப் பொறுத்தது. 1986 முதல் இது ஒரு அளவுகோலாகவே பயன்படுகிறது.

இரண்டு மூன்று கிலோமீட்டர் என்று எழுதுவது சுலபம். அது எப்படிப்பட்ட ஆழம் என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன், அப்பா சுரங்கத்தில் வேலை செய்தவர். 2001-இல் மூடப்படும் முன் அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3.2 கிலோமீட்டர் இறங்கியிருந்தது. அந்த அடிமட்டத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். மேலிருந்து குளிர்ந்த காற்றை அனுப்பினால்தான் ஆட்கள் நிற்கவே முடியும். இப்போது ஜப்பானுக்குப் போவோம். இவாதே மாநிலத்தில் கக்கோண்டா என்ற இடத்தில், புவிவெப்பத்தில் மின்சாரம் எடுக்க 1994, 95-இல் ஒரு துளை போட்டார்கள். ஆழம் 3,729 மீட்டர், கோலாரை விடக் கொஞ்சம்தான் அதிகம். கீழே கிரானைட் கிடைத்தது. அதன் சூடு 500 டிகிரிக்கு மேல்! நிலவியல் கணக்கில் அது நேற்றுப் பிறந்த கிரானைட், இன்னும் ஆறவே இல்லை. அந்த வட்டாரத்தில் உயிருள்ள எரிமலைகள் நிற்கின்றன.

ஐஸ்லாந்தில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். 2009-இல் கிராஃப்லா எரிமலைப் பகுதியில் 4.5 கிலோமீட்டர் வரை போகத் திட்டமிட்டுத் துளையிட்டபோது, 2.1 கிலோமீட்டரிலேயே துளைக்கருவி உருகிய ரயோலைட் குழம்புக்குள் இறங்கிவிட்டது. மேலே வந்தது கண்ணாடித் துணுக்குகள். அந்தக் குழம்பு வெளியே வழிந்தால் ரயோலைட், அங்கேயே நின்று நிதானமாக உறைந்தால் ஆழம் குறைந்த கிரானைட். எந்தப் பெயர் கிடைக்கும் என்பது இன்னும் முடிவாகாத நிலையிலேயே மனிதன் அதைத் தொட்டுவிட்டான். உங்கள் ஆசிரியர் சொன்ன உறவுக்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

பழைய பாறைகளில் இந்த உறவைக் கண்டுபிடித்தது வேறு வழியில். கிரானைட் கடல் நீரிலிருந்து படிந்தது என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. 1785-இல் ஜேம்ஸ் ஹட்டன் என்ற நிலவியலாளர் ஸ்காட்லாந்தின் கிளென் டில்ட் பள்ளத்தாக்கில், கிரானைட் நரம்பு நரம்பாகப் பழைய பாறைக்குள் புகுந்திருப்பதைப் பார்த்தார். உருகிய நிலையில் இருந்திருந்தால் மட்டுமே அப்படிப் புக முடியும். 1909-இல் அதே ஸ்காட்லாந்தின் கிளென்கோவைப் பற்றி வெளிவந்த ஆய்வு இன்னொரு கதவைத் திறந்தது. அங்கே வட்டமான ஒரு பகுதி, தன் மேல் கிடந்த எரிமலைப் பாறைகளோடு சேர்ந்து கீழே இறங்கியிருக்கிறது. இறங்கிய விளிம்பைச் சுற்றி வளையமாகக் குழம்பு ஏறி உறைந்திருக்கிறது. கொதிக்கிற பாத்திரத்தின் மூடி உள்ளே சரிந்து, ஓரத்து இடுக்கு வழியாகக் குழம்பு மேலே வந்த மாதிரி. எரிமலையும் அதன் அடியில் இருந்த குழம்பும் ஒரே இடத்தில், ஒரே நிகழ்ச்சியின் பாகங்களாக அங்கே தெரிந்தன.

அமெரிக்காவின் மொண்டானாவில் போல்டர் பேத்தோலித் என்ற பெரிய கிரானைட் பரப்பு இருக்கிறது. 1967-இல் ஹாமில்டன், மையர்ஸ் என்ற இருவர் துணிச்சலாக ஒன்று சொன்னார்கள். இந்தக் கிரானைட் குழம்பு முதலில் எரிமலையாகக் கக்கியது, பிறகு தான் கக்கிய பாறைகளையே கூரையாகப் போர்த்திக்கொண்டு அதற்குள் பரவி உறைந்தது என்று. அப்போது பலத்த விவாதம் நடந்தது. அதே வகைக் காட்சியைப் பார்க்க நமக்கு விமானம் ஏற வேண்டாம், ராஜஸ்தானுக்கு ரயில் ஏறினால் போதும். ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டை நிற்கிற குன்று, மலானி என்று அழைக்கப்படும் தொகுதியைச் சேர்ந்த ரயோலைட். வயது சுமார் 75 கோடி ஆண்டு. அங்கிருந்து தெற்கே சிவானா, ஜாலோர் பக்கம் போனால், அதே தொகுதியின் கிரானைட்டுகள் அந்த எரிமலைப் பாறைகளுக்குள் ஊடுருவி நிற்கின்றன. முதலில் லாவாவும் சாம்பலும், அப்புறம் கிரானைட், கடைசியில் இரண்டையும் குறுக்கே வெட்டும் டைக்குகள், அதாவது பிளவுகளில் குழம்பு ஏறி உறைந்த சுவர் போன்ற பாறைகள். கூரையும் வீடும் ஒன்றாகப் பிழைத்திருக்கும் இடம் அது. நிலவியல் படிக்கிறவர் ஒருமுறையாவது போய்ப் பார்த்தாக வேண்டும்.

சரி, உறவு இருக்கிறது. என்ன வகை உறவு என்பதில்தான் இன்றைக்கும் சண்டை. நம் சமையலறையில் வைத்துச் சொல்கிறேன். உலையில் அரிசி வெந்துகொண்டிருக்கிறது. அரிசிதான் படிகம், கஞ்சிதான் மிச்சமிருக்கும் திரவம். அரிசி குறைவாக இருக்கும்வரை எல்லாமே சேர்ந்து ஓடும். பாதிக்கு மேல் அரிசியானதும் இறுகிவிடும், பானையைச் சாய்த்தாலும் சோறு நகராது, கஞ்சி மட்டும் வடியும். 2004-இல் பாக்மன், பெர்கன்ட்ஸ் என்ற இருவர் ஏறக்குறைய இதைத்தான் முன்வைத்தார்கள். பாதி உறைந்த குழம்பிலிருந்து வடிந்த கஞ்சிதான் ரயோலைட்டாக எரிமலையில் வெளியேறுகிறது, பானையில் தங்கிய சோறு கிரானைட்டாக இறுகுகிறது என்று. சில சமயம் பானையே கவிழ்வதும் உண்டு. அமெரிக்காவின் கொலராடோவில் சுமார் 2 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரே எரிமலை வெடிப்பில் ஏறத்தாழ 5,000 கன கிலோமீட்டர் வெளியே வந்தது. அப்படிப் படிந்த எரிமலைச் சாம்பல் கல்லுக்கு ஃபிஷ் கேன்யன் டஃப் என்று பெயர். அதில் கிட்டத்தட்ட பாதி படிகங்கள். ஓர் ஆழ்பாறைத் திரளே எழுந்து வெளியே கொட்டிய மாதிரி.

எதிர்த் தரப்பும் பலமானது. கிளேஸ்னர், கோல்மன் முதலானோர் கலிபோர்னியாவின் டுவாலமி கிரானைட் தொகுதியின் வயதைப் பல இடங்களில் அளந்து பார்த்தார்கள். வெளி விளிம்புக்கும் மையத்துக்கும் கிட்டத்தட்ட ஒரு கோடி ஆண்டு வித்தியாசம். அவ்வளவு காலம் ஒரே பெரிய பானை கொதித்துக்கொண்டே இருக்க முடியாது. சின்னச் சின்னக் கரண்டியாக ஊற்றி, ஒன்று உறைந்த பின் இன்னொன்று என்று சேர்ந்திருக்க வேண்டும் என்றார்கள். அதோடு ஒரு நேர்மையான கேள்வியும் கேட்டார்கள். கஞ்சி வடிந்திருந்தால் சோற்றில் அந்தக் குறை தெரிய வேண்டுமே? பல கிரானைட்டுகளின் வேதியியலில் அப்படி எதுவும் குறையவில்லை, எரிமலைக்கு எதுவுமே கொடுக்காமல் முழுசாக அங்கேயே உறைந்ததாகத் தெரிகிறது என்று. என் கணிப்பு இது: இரண்டும் நடக்கிறது. எந்தக் கிரானைட் கஞ்சி வடித்தது, எது வடிக்கவில்லை என்று ஒவ்வொன்றாகத்தான் விசாரிக்க வேண்டும். பொது விதி ஒன்றை எடுத்து எல்லாக் கல்லுக்கும் ஒட்டுவது சோம்பேறித்தனம்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். குப்பம் பக்கம் கிரானைட்டும் இருக்கிறது, பழைய எரிமலைப் பாறையும் இருக்கிறது. கோலார் பாறைப் பட்டை சுமார் 80 கிலோமீட்டர் நீளம். கர்நாடகத்தில் தொடங்கி, ஆந்திர எல்லைக்குள் பிசாநத்தம், சிகுருகுண்ட வழியாகக் கிருஷ்ணகிரிப் பக்கம் வரை இறங்குகிறது. அதில் பெரும்பகுதி ஒரு காலத்துப் பசால்ட் லாவா. இப்போது சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறி ஆம்பிபோலைட் என்ற கருப்புப் பாறையாக இருக்கிறது. இரண்டு பக்கமும் கிரானைட்டும், நைஸ் என்ற பட்டை பட்டையான உருமாறிய பாறையும். பார்த்தவுடன் 'எரிமலைப் பாறை இங்கே, கிரானைட் பக்கத்திலேயே, அப்போது உறவுதான்' என்று தோன்றும். அங்கேதான் ஏமாறக் கூடாது. அந்த லாவாவின் வயது சுமார் 270 கோடி ஆண்டு. பக்கத்து நைஸும் கிரானைட்டும் 263 கோடியிலிருந்து 253 கோடி வரை. குறைந்தது பல கோடி ஆண்டு இடைவெளி. வேதியியலும் வேறு. பசால்ட் பூமியின் மேலோட்டுக்கும் கீழிருந்து வந்தது, அதைக் கிரானைட் பானையிலிருந்து வடிந்த கஞ்சி என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு நடந்த நில நெருக்கத்தில் இரண்டும் அருகருகே வந்து நிற்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர்கள், அண்ணன் தம்பி கிடையாது.

ஆனால் அதே பட்டையின் கிழக்கு ஓரத்தில் சாம்பியன் நைஸ் என்று ஒரு கல் இருக்கிறது. வெளிர் நிறம், நீலம் கலந்த குவார்ட்ஸ் மணிகள், சில இடங்களில் உருண்டை உருண்டையாகத் துண்டுகள். மைசூர் சமஸ்தானத்து நிலவியலாளர்கள் இதைக் கிரானைட் ஊடுருவல் என்றும், அந்த உருண்டைகள் நசுங்கியதில் உண்டானவை என்றும் எழுதினார்கள். பின்னால் வந்தவர்களில் பலர் இதன் பெரும்பகுதியை எரிமலை கக்கிய பாறை என்று படிக்கிறார்கள். கெட்டிக்காரர்கள் பார்த்த ஒரே கல்லுக்கு எப்படி இரண்டு தீர்ப்பு? தரைக்கு அருகே உறைந்த போர்ஃபிரியும், படிகம் நிறைந்த எரிமலைச் சாம்பல் கல்லும் புதிதாக இருக்கும்போதே ஒன்றுபோல இருக்கும். 250 கோடி ஆண்டு அமுக்கி நசுக்கிய பிறகு பிரித்தறிவது பெரும்பாடு. உங்கள் கேள்விக்கான கல் ஒன்று உங்கள் ஊருக்கு ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

குவாரிக் கிரானைட்டுக்கு மேலே என்ன இருந்தது என்பதற்கு, பெங்களூருக்கு மேற்கே ஓடும் குளோஸ்பேட் கிரானைட் உதவும். ராமநகரத்தின் பழைய பெயர்தான் குளோஸ்பேட். அந்தக் கிரானைட் தெற்கு வடக்காக சுமார் 400 கிலோமீட்டர் ஓடுகிறது, வயது சுமார் 252 கோடி. தென்னிந்திய நிலம் சாய்ந்து அரிக்கப்பட்டதால், தெற்கு முனையில் 20 கிலோமீட்டருக்கும் கீழே இருந்த வேர் வெளியே தெரிகிறது. வடக்கே போகப் போக ஆழம் குறைந்த, மேல்மட்டத்து உடல்கள். தெற்கில் கிரானைட்டுக்கும் சுற்றுப் பாறைக்கும் எல்லையே தெரியாமல் ஒன்றோடொன்று கரைந்திருக்கும், வடக்கில் எல்லை தெளிவு. படுக்கப் போட்ட ஒரு மரத்தை வேரிலிருந்து கிளை வரை நடந்து பார்ப்பது போல. கிளைக்கும் மேலே ஏதாவது இருந்திருந்தால் அது மழையும் காற்றும் தின்று போய்விட்டது. குப்பத்து நைஸும், மிக்மடைட் என்ற பாதி உருகிக் கலந்த கல்லும் அந்த வேர்ப் பக்கத்து உறவினர்கள். பட்டை பட்டையாக, பாதி உருகிய அடையாளத்தோடு, ஓரம் மங்கிப்போய் இருக்கும். அவற்றுக்கு மேலே பல கிலோமீட்டர் பாறை இருந்து போய்விட்டது. அந்த உச்சியில் எரிமலை இருந்ததா என்பதற்குச் சாட்சி சொல்ல வேண்டிய கூரை இப்போது இல்லை.

எல்லாக் கிரானைட்டும் இவ்வளவு காலம் மறைந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஜப்பானின் குரோபெகவா கிரானைட்டுக்கு வயது வெறும் 8 லட்சம் ஆண்டுதான். மலை அவ்வளவு வேகமாக உயர்ந்து அரிக்கப்பட்டதால் அதற்குள் வெளியே வந்துவிட்டது.

இன்னொரு திருத்தம். அப்பாவின் குவாரிப் பக்கம் 'பிளாக் கிரானைட்' என்று வெட்டுகிறார்களே, அது கிரானைட்டே இல்லை, பசால்ட் குழம்பு நிலத்தடியில் உறைந்த டோலரைட் என்ற கல். வியாபாரப் பெயர் அப்படி நிலைத்துவிட்டது. நைஸை வெட்டிக்கொண்டு சுவர் மாதிரி நேராக ஓடும் டைக் அது. இந்த வட்டாரத்தில் கிழக்கு மேற்காக ஓடும் டைக்குகளில் பல சுமார் 237 கோடி ஆண்டு வயதானவை. இந்த டைக்குகள் பசால்ட் குழம்பு ஏறிப்போன பாதைகள். அவற்றில் சில மேலே லாவாவை ஊற்றியிருக்கலாம். ஆகவே உங்கள் ஊரில் எரிமலையின் வாசனையைத் தேடினால், வெளிர் கல்லை விடக் கருப்புக் கல்தான் அதற்குப் பக்கம்.

அடுத்த ஞாயிறு, வெடி வைக்காத நேரமாகப் பார்த்து, அப்பாவோடு போங்கள். டைக் நைஸைத் தொடுகிற ஓரத்தைத் தேடுங்கள். பத்து மடங்கு லென்ஸ் ஒன்றும் ஒரு பாட்டில் தண்ணீரும் போதும். கல்லை நனைத்தால் படிகம் தெளிவாகத் தெரியும். ஓரத்தில் கல் மை போல வழுவழுப்பாகவும், நடுவை நோக்கி நகர நகர மணி பெரிதாகவும் இருந்தால், சூடான குழம்பு குளிர்ந்த சுவரைத் தொட்டு உறைந்த இடத்தைப் பார்க்கிறீர்கள் என்று பொருள். அப்புறம் நைஸுக்குள் இருக்கும் வெளிர் கிரானைட் பட்டைகளின் ஓரத்தையும் அதே மாதிரி பாருங்கள். அங்கே ஓரம் பொடியாகிறதா, மங்கிக் கரைகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கும்போது அளவுக்கு ஒரு ரூபாய் நாணயத்தைக் கல்மேல் வையுங்கள். டைக்கின் குறுக்கே ஓரத்திலிருந்து நடு வரை, ஒரு அடிக்கு ஒரு படம் போதும்.